வாயு வேண்டுமென்றால் தண்ணீரை எடுக்க வேண்டும்!

வாலாஜாபாத் பக்கம் பாலாற்றங்கரை கிராமங்களில் போர் மோட்டார் போட்டதும் பிடிக்கிற தண்ணீர், சில நேரம் பால் கலந்ததுபோல வெளுத்திருக்கும். டம்ளரில் பிடித்து வைத்தால், கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து தெளிந்துகொண்டே வரும். பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது நீரில் கரைந்திருந்த காற்று, பொடிக் குமிழிகளாகப் பிரிந்து மேலே போவதுதான்.

கோலி சோடாவிலும் இதே கதைதான். அழுத்தம் இருக்கும்வரை வாயு தண்ணீருக்குள் அடங்கிக் கிடக்கும். கோலியைத் தட்டியதும் பொங்கிவிடும். அழுத்தம் கூடக்கூட நீரில் கரையும் வாயுவும் கூடும் என்று 1803-ல் சொன்னவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹென்றி.

பூமிக்கு அடியிலும் இதுதான் கணக்கு. தண்ணீருக்குள் 10 மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 1,000 மீட்டர் ஆழத்தில் சுமார் 100 மடங்கு. சமையல் எரிவாயுபோல எரியக்கூடிய மீத்தேன், தரைமட்டத்தில் ஒரு லிட்டர் நீரில் 35 மில்லி கரைந்தாலே அதிகம். அத்தனை ஆழத்தில் சுமார் 2 லிட்டர் கரைந்திருக்க முடியும்.

அந்த நீரை மேலே கொண்டுவந்தால் போதும். அழுத்தம் குறைந்து வாயு தானாகப் பிரியும். ஜப்பானின் சிபா பகுதியில் இன்றும் இப்படித்தான் எடுக்கிறார்கள். அதே நீரிலிருந்து அயோடினும் கிடைக்கிறது.

ஆனால், இதற்கு ஒரு விலை உண்டு. நெல்லுக்குப் பேர்போன நீகாட்டாவில், 1950-களில் வாயுவுக்காக ஏராளமான நிலத்தடி நீரை இறைத்தார்கள். நிலம் தாழ ஆரம்பித்தது. பிறகுதான் இறைப்பதற்குக் கட்டுப்பாடு வந்தது.

நம் காவிரி டெல்டாவில் எழுந்த கேள்வியும் இதற்குப் பக்கத்து வீடுதான். மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க 2010-ல் ஒப்பந்தம் போடப்பட்டது. அங்கே மீத்தேன் இருப்பது நிலக்கரியின் மேல் ஒட்டிக்கொண்டு. அதை அழுத்திப் பிடித்திருப்பது சுற்றியுள்ள தண்ணீர். நீரை இறைத்தால்தான் வாயு விடுபடும். ‘அவ்வளவு தண்ணீரை எடுத்துவிட்டால் எங்கள் கிணறு என்ன ஆகும், வெளியே வரும் உப்பு நீரை எங்கே விடுவார்கள்?’ என்று விவசாயிகள் கேட்டார்கள். இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார், 2013 டிசம்பரில் காலமானது இந்தத் திட்டத்துக்கு எதிரான பிரசாரத்தில் இருந்தபோதுதான்.

திட்டம் நடக்கவில்லை. 2020 பிப்ரவரியில் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், டெல்டாவில் புதிதாக எண்ணெய், எரிவாயு தோண்டுவதைத் தடுக்கிறது. ஏற்கெனவே இருந்த கிணறுகளுக்கு அந்தத் தடை இல்லை.

ஊருக்குள் எரிவாயுத் திட்டம் என்று யார் வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, எவ்வளவு வாயு கிடைக்கும் என்பதல்ல. அதற்காக எவ்வளவு தண்ணீரை எடுப்பீர்கள், அதை எங்கே விடுவீர்கள் என்பதுதான்.