மின்சார சிகரெட்டும் பீடிக் கட்டும்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையை வலம் வருவோர், 14 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் மலைக்குப் பின்புறம் சேரும்போது அடி அண்ணாமலை எதிர்ப்படுகிறது. ஆதி அருணாசலேசுவரர் கோயில் கொண்ட சிற்றூர் அது. அங்கே மட்டுமென்ன, தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூரிலும் வயது வந்த ஒருவன் பெட்டிக்கடையில் சில்லறையை நீட்டினால் ஒரு கட்டுப் பீடி கைக்கு வரும். அதே கடைக்காரர் மின்சார சிகரெட் ஒன்றை விற்றால், முதல் குற்றத்திற்கே ஓராண்டு வரை சிறைவாசமோ, லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. உயிரைக் குடிப்பதென்று ஐயமற நிரூபணமான சரக்குக்குக் கடைவீதி. அதனினும் கொடுமை குறைந்ததென்று வைத்தியர் பலர் சொல்லும் சரக்குக்குச் சிறை! இந்த நியாயத்தின் தன்மையை நாம் நிதானமாக ஆராய வேண்டும்.

தமிழ்நாட்டுச் சர்க்கார் 2018-ஆம் வருஷத்திலேயே மின்சார சிகரெட்டைத் தடுக்க முனைந்தது. இந்திய சர்க்கார் 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம் பிறப்பித்து, டிசம்பரில் அதைப் பார்லிமெண்டின் சட்டமாக்கியது. தடை அறிவிக்கப்பட்ட அன்று பங்கு மார்க்கெட்டில் சிகரெட் கம்பெனிகளின் பங்கு விலை ஏறிற்று. இது யாருக்கு லாபம் என்பதை வியாபாரிகள் உடனே உணர்ந்துகொண்டனர் போலும்!

இக்கருவியைச் சீனத்து மருந்தாளரான ஹான் லிக் என்பவர் 2003-ஆம் வருஷத்தை ஒட்டி உருவாக்கினார். புகையிலையைக் கொளுத்துவதற்குப் பதிலாக, நிக்கோட்டின் கலந்த திரவத்தை மின்கலத்தின் சூட்டால் ஆவியாக்கி உறிஞ்சுவதே இதன் மர்மம். எரிதல் இல்லாததால், புற்றுநோய்க்கு வித்திடும் தாரும், இருதயத்தைக் கெடுக்கும் கார்பன் மானாக்ஸைடும் சிகரெட்டில் போல் உண்டாவதில்லை. இது வாஸ்தவம். ஆனால் ஆளை அடிமை கொள்ளும் நிக்கோட்டின் அப்படியே இருக்கிறது. இதுவும் வாஸ்தவம். முதல் உண்மையைக் கம்பெனிகள் உரக்கக் கூறுகின்றன. இரண்டாவதை மெல்ல விழுங்குகின்றன.

இங்கிலாந்தின் பொதுச் சுகாதார இலாகா, இதன் தீங்கு சிகரெட்டை விட ஏறக்குறைய 95 சதவிகிதம் குறைவு என்று 2015-இல் கூறியது. அது அளந்து கண்ட கணக்கன்று; நிபுணர் சிலர் கூடிச் செய்த மதிப்பீடு. பல்லாண்டு உறிஞ்சியவரின் கதி என்னவென்று காண, இக்கருவிக்கே இன்னும் போதிய வயதாகவில்லை. 2019-இல் அந்நாட்டில் வெளிவந்த பரிசோதனையொன்று இன்னும் தெளிவானது. மின்சார சிகரெட்டின் துணையால் ஓராண்டு வரை புகையை விட்டிருந்தோர் 100-க்கு 18 பேர். நிக்கோட்டின் பட்டை, பிசின் முதலியவற்றால் விட்டோர் 10 பேர். பயன் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் மின்சார சிகரெட்டால் விட்டவர்களில் 100-க்கு 80 பேர் ஆண்டு முடிவிலும் அதை உறிஞ்சிக்கொண்டே இருந்தனர். பழைய எஜமானன் போய்ப் புதிய எஜமானன் வந்தான், அடிமைத்தனம் போகவில்லை.

எதிர்க்கட்சியிலும் மிகைப்பேச்சு இல்லாமலில்லை. 2019-இல் அமெரிக்காவில் நுரையீரல் வியாதியால் 2,800-க்கு மேற்பட்டோர் ஆஸ்பத்திரி சேர்ந்தனர். 68 பேர் மாண்டனர். அதற்குப் பெரும்பாலும் காரணம், கஞ்சாச் சத்தோடு கலந்த வைட்டமின் ஈ எண்ணெய் என்று பின்னர் கண்டனர். இதைச் சொல்லாமல் பிணக் கணக்கை மட்டும் சொல்வது நேர்மையாகாது. ஆனால் அதே ஆண்டில் அந்நாட்டு உயர்தரப் பள்ளி மாணவரில் 27.5 சதவிகிதத்தினர் மின்சார சிகரெட்டைப் பிடித்தனர் என்பதையும் மறக்கலாகாது. புகையை விட விரும்பும் கிழவருக்கென்று சொன்ன மருந்து, புகையே அறியாத பாலகரிடம் பழவாசனையோடு போய்ச் சேர்ந்தது. மார்ல்பரோ சிகரெட்டின் சொந்தக்காரரான ஆல்ட்ரியா, 2018-இல் 1,280 கோடி டாலர் கொடுத்து ஜூல் கம்பெனியில் 35 சதவிகிதத்தை வாங்கியதன் கருத்தும் இதனால் விளங்கும்.

நமக்கு இவ்வித்தை புதிதன்று. ஒத்துழையாமை நாட்களில் அன்னிய சிகரெட்டை எறிந்த தேசபக்தர் பலர், சுதேசிப் பொருளென்று பீடியைக் கையில் எடுத்தனர். நுரையீரலுக்கு விதேசி சுதேசி என்ற பேதம் தெரியுமா? 2016-17-இல் நடந்த கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் புகையிலைக்கு ஆளானோர் 26.7 கோடி. வயது வந்தோரில் சிகரெட் பிடிப்போர் 4 சதவிகிதம்; பீடி பிடிப்போர் 7.7 சதவிகிதம், மெல்லுதல் முதலிய புகையில்லா வகைகளைக் கொள்வோர் 21.4 சதவிகிதம். வாயில் அடக்குபவனுக்கு மின்சார சிகரெட்டால் என்ன பயன்? பீடிக் கூலியாளுக்கு அதன் விலை எட்டுமா? உலகை உய்விக்க வந்ததாக விளம்பரமாகும் இக்கருவி, நம் ஏழைகளில் பெரும்பாலோரைத் தொடவே தொடாது.

அவர்களைத் தொடுவது சர்க்காரின் நடத்தை. 2025 செப்டம்பரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்ஸில், பீடி வரியை 28 சதவிகிதத்திலிருந்து 18-ஆகக் குறைக்கத் தீர்மானித்தது. குடியாத்தத்திலும் நெல்லைச் சீமையிலும் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் ஸ்திரீகளின் பிழைப்பை நாம் அலட்சியம் செய்யவில்லை. அவர்களுக்கு வேறு தொழில் தேடித் தருவதன்றோ தர்மம்? ஊரார் நெஞ்சை எரித்து ஒரு தொழிலாளியை வாழ்விப்பது எந்த ராஜநீதி? பொதுஜனங்களின் பணத்தில் நடக்கும் ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் கார்ப்பொரேஷன், சிகரெட் விற்கும் ஐ.டி.ஸி.யில் பெரும் பங்குதாரராக இருப்பதைவிட வேடிக்கை வேறென்ன வேண்டும்?

ஆகவே நமது அபிப்பிராயம் இது. மின்சார சிகரெட்டைக் கடைவீதியில் அவிழ்த்துவிடக் கூடாது. சிறுவர்களின் பொருட்டு அத்தடை நிற்கட்டும். ஆனால் வைத்தியர் மேற்பார்வையில் அது புகைப்பவனுக்கு உதவுமா என்று இந்நாட்டிலேயே ஆராயும் வழியை அடைப்பது அறிவன்று. அதற்கு முன்பே செய்யத்தக்கவை பல உண்டு. ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நிக்கோட்டின் பிசினை இலவசமாகத் தரலாம். புகையிலையை விட விரும்புவோருக்காகச் சர்க்கார் நடத்தும் 1800-11-2356 என்ற டெலிபோன் எண்ணைப் பட்டி தொட்டியெங்கும் பரப்பலாம். பீடியின் வரியைக் குறைக்காமல் ஏற்றி, வரும் பணத்தைப் பீடித் தொழிலாளரின் மாற்றுத் தொழிலுக்கே செலவிடலாம். இவற்றைக் கேட்டு வாங்குவது ஊர்தோறும் உள்ள ஊழியர்களின் கடமை.

எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்பார்கள். வீடு பற்றி எரிகையில் ஒரு கொள்ளியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மற்றொன்றைக் கூரையிலேயே விட்டு வைப்பவனை யாரும் காவலன் என்று சொல்லமாட்டார்கள்.