பெயர் கெட்டது யாருக்கு?

ஆங்கிலத்தில் 'இக்னாமினி' என்று ஒரு சொல் இருக்கிறது. பலரறிய நேரும் அவமானம் என்று அகராதி பொருள் சொல்லும். நம் மேடைப் பேச்சாளர்கள் சிலருக்கு இந்தச் சொல்லின் மேல் ஒரு மோகம். இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழரைப் பற்றிப் பேச வந்தால் போதும். 'இக்னாமினிக்கு ஆளான மக்கள்' என்று உருகத் தொடங்கிவிடுவார்கள். உருகட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. சொல்லைத் தப்பான தலையில் கட்டுகிறார்கள் என்பதே என் வழக்கு.

அது லத்தீனிலிருந்து வந்த சொல். பெயர் இழப்பது என்பது வேர்ப்பொருள். பழைய ரோமாபுரியில் குடிமக்கள் பட்டியலை வைத்திருந்த சென்ஸார் என்ற அதிகாரி, ஒழுக்கம் தவறியவன் பெயருக்கு நேரே ஒரு குறி போட்டுவிடுவார். அந்த இழுக்குக்குத்தான் இந்தச் சொல். தவறு செய்தவன் பெயர் கெட்டது, நியாயந்தான். நாமும் திருடியவன் பிடிபட்டால்தானே 'மானம் கப்பலேறிப் போச்சு' என்கிறோம்?

இராமநாதபுரக் கரையில் மனிதர்களையே கப்பலேற்றினார்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் விட்ட பிறகு தோட்டக் கூலிகள் அவ்வழியே போனார்கள். இலங்கைச் சர்க்கார் நம் மண்ணில் நடத்திய மண்டபம் முகாமில், தொற்றுநோய்க்குப் பயந்து அவர்களை நாட்கணக்கில் நிறுத்திச் சோதித்து அனுப்பினார்கள். 1948-ல் அதே இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 'கள்ளத்தோணி' என்ற ஏச்சு வேறு! முகாம் போட்டுச் சோதித்து அழைத்துக்கொண்டு போனவனின் பேரனுக்கு இந்தப் பட்டம்.

1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000 பேர். இலங்கைக்கு 3,00,000 பேர். மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி, 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பங்காளிகள் தொழுவத்து மாட்டைப் பிரித்துக்கொள்வதுபோல. மாட்டைக் கேட்டா பங்கு போடுவார்கள்?

"அப்படியானால் அவர்கள் அவமானப்படவில்லையா?" என்று கேட்பீர்கள். அவமானப்படுத்தப்பட்டார்கள். அது வேறு, பெயர் கெடுவது வேறு. பறித்தவன் பெயர் கெடும். பறிகொடுத்தவன் பெயர் ஏன் கெட வேண்டும்? இந்த வித்தியாசத்தை விழுங்கிவிட்டுப் பேசுகிற அனுதாபம், அடிபட்டவன் முதுகில் அடித்தவன் பெயரையும் சேர்த்து எழுதி வைக்கிறது. அடித்தவன் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பான்.

2003-ல் இலங்கைப் பாராளுமன்றமே சட்டம் செய்து, எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தது. ஐம்பத்தைந்து வருஷம் கழித்துக் குறி அழிந்தது. குற்றம் அவர்களுடையதாக இருந்தால் அழித்திருப்பார்களா?

இங்கிலீஷ் வார்த்தையைத் தலைமுழுகச் சொல்லவில்லை. பட்டியலைக் கையில் வைத்திருந்தார்களே, அந்தப் பெரிய மனிதர்களுக்குத் தாராளமாகச் சூட்டுங்கள். கொழுந்து பறித்தவளுக்கு அது வேண்டாம். அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. இரண்டு சர்க்காரும் அதைக் கேட்டு எழுதாமல் தலையை மட்டும் எண்ணின.