ஐயூர் முடவனார் வேண்டிய பகடு

புறநானூற்றின் 399ஆம் பாட்டை ஆண்டுகள் பலவாக மாணாக்கருக்குச் சொல்லி வருகிறேன். ஐயூர் முடவனார் என்னும் புலவர் தாமான் தோன்றிக்கோன் என்பவனிடம் செல்கிறார். பொன்னையோ ஊரையோ அவர் கேட்கவில்லை. தாம் வேண்டி வந்தது பகடு என்கிறார். பகடு என்பது எருது. காலால் நடக்கவியலாத புலவர், வண்டியிற் பூட்டுதற்கே அதனைக் கேட்டார் என்பர். அவனோ நிரை நிரையாக ஆக்களைக் கொடுத்ததுமன்றி, ஊர்தியும் கொடுத்து விடுத்தான். இவ்விடத்தில் வள்ளலின் கொடைத்திறத்தைப் பாராட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குச் செல்வது என் வழக்கம். முடவனாரின் பக்கம் நின்று அப்பாட்டை ஒருநாளும் படித்தேனல்லேன். தமக்கு வேண்டுவது இன்னதென்று அவரே அறிந்திருந்தார். அவரே வாய்திறந்து கேட்டார். இதன் அருமை எனக்கு விளங்கியது, என் வீட்டுக்கு ஓர் ஊர்தி தேட வேண்டி வந்தபோதுதான்.

என் மனைவிக்கு நான்காண்டுகளுக்கு முன் பாரிசவாதம் கண்டது. உயிர் தப்பியது இறைவன் செயல். இடக்கையும் இடக்காலும் தளர்ந்தன. கைத்தடியை ஊன்றி வீட்டுக்குள் பத்துப் பதினைந்து அடி நடப்பாள். அதற்கு மேல் இயலாது. வெளியே செல்வதாயின் சக்கர நாற்காலி. தள்ளுபவன் நான். கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் அவளைத் தள்ளிச் செல்வதில் எனக்கு ஒரு பெருமிதமும் இருந்தது. பார்ப்பவர்கள் பாராட்டவும் செய்தார்கள். ஒருநாள் அவள் சொன்னாள்: “என்னங்க, நாலு வருசமாக நீங்கள் பார்க்க நினைத்ததைத்தான் நான் பார்த்துக்கொண்டு வருகிறேன்.” கோபத்தோடு சொன்னாளில்லை. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தள்ளுகிறவன் நின்ற இடத்தில் நாற்காலியும் நிற்கும். அவன் திரும்பிய பக்கம் திரும்பும். அதிலிருப்பவர் ஒரு பூச்செடியின் அருகே சற்றுத் தாமதிக்க விரும்பினாலும் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

தமிழில் ‘ஊர்தல்’ என்ற வினையைப் பாருங்கள். பல்லக்கைத் தோளிற் சுமப்பவன் வேறு. அதன்மேல் ஊர்ந்து செல்பவன் வேறு. திருவள்ளுவரும் இவ்விருவரையும் அருகருகே நிறுத்திக் காட்டியிருக்கிறார். சிவிகையில் இருப்பவன் தன் காலை அசைக்கவில்லை. ஆயினும் ஊர்பவன் அவனே. வினைக்கு எழுவாய் அவனே. என் மனைவியோ நான்காண்டுகளாகச் செயப்படுபொருளாக இருந்தாள். இலக்கணம் கற்பிக்கிறவன் வீட்டிலேயே இந்த வழு!

மின்கலத்தால் இயங்கும் இவ்வூர்தியை ‘மொபிலிட்டி ஸ்கூட்டர்’ என்கிறார்கள். ஸ்கூட்டர் என்றால் நம்மவர் மனத்தில் தோன்றுவது வேறொன்றாதலின், நான் ஊர்தி என்றே எழுதுகிறேன். முடவனார் பாட்டிலேயே உள்ள சொல்லை விட்டு வேறு தேடுவானேன்? இதன் குலவரலாறு சுவையானது. 1655இல் நூரம்பேர்க் நகரத்துக் கடிகாரக் கைவினைஞரான ஸ்டீபன் ஃபார்ஃப்ளர், தாம் நடக்கவியலாதவராதலால், கையாற் சுழற்றி ஓட்டும் முச்சில்லு வண்டியொன்றைத் தாமே செய்துகொண்டார். மடித்து மோட்டார் வண்டியில் வைக்கத்தக்க சக்கர நாற்காலியை 1933இல் அமெரிக்காவில் எவரெஸ்ட், ஜென்னிங்ஸ் என்னும் நண்பர் இருவர் செய்தனர். எவரெஸ்ட் சுரங்க விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தவர். இன்று நாம் காணும் மின்னூர்தியை 1968இல் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த அலன் தீம் என்பவர், நரம்பு நோயால் தளர்ந்த தம் குடும்பத்தவர் ஒருவருக்காகச் செய்தார். ஆக, ஒன்றைத் தனக்கு வேண்டியவன் செய்திருக்கிறான். அன்றேல் வேண்டியவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவன் செய்திருக்கிறான்.

ஊர்தி வேண்டும் என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழுந்தது கோயிலுக்காகவோ சந்தைக்காகவோ அன்று. அவள் பழைய தெல்தெனியவிற் பிறந்தவள். அவ்வூர் இன்று விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் இருக்கிறது. மகாவலியை மறித்து 122 மீற்றர் உயரத்தில் எழுந்த அணை 1985இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்னரே ஊரைக் காலிசெய்து மேட்டுநிலத்தில் புதிய நகரம் அமைத்தார்கள். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. மழை பொய்த்த ஆண்டுகளில் நீர் வற்ற, பழைய ஊரின் இடிபாடுகள் தலைகாட்டுவதுண்டு. இம்முறை வற்றியபோது, கரையோரத்தில் ஓரிரவு கூடாரமடித்துத் தங்கி, விடியலில் அருகே சென்று பார்க்க வேண்டும் என்றாள். நண்பர் ஒருவருடைய காணி நீரை நோக்கிச் சரிந்து கிடப்பது, அவரும் இசைந்தார்.

கண்டியில் ஒரு கடைக்குச் சென்றோம். விற்பனையாளர் நல்ல இளைஞர், ஆயினும், “அம்மாவின் நிறை எவ்வளவு, சேர்?” என்று என்னைக் கேட்டார். அவள் பக்கத்தில் இருக்கிறாள். ‘அம்மாவையே கேளுங்கள் தம்பி’ என்று சொல்லியிருக்க வேண்டியவன், நானே விடை சொன்னேன். அதுவும் தவறான விடை. அவள் திருத்தினாள்.

எனக்குப் பிடித்தது சிறிய முச்சில்லு ஊர்தி. நான்கைந்து துண்டாகக் கழற்றலாம், எந்த வாகனத்திலும் ஏற்றலாம், குறுகிய இடத்திலும் திரும்பும். கடையின் வழவழத்த தரையில் அது ஓடம்போலச் சென்றது. என் மனைவி இரண்டே கேள்வி கேட்டாள். “அடித்தட்டுக்கும் நிலத்துக்கும் இடையில் மூன்று விரல்கூட இல்லையே, புல்லிலே எப்படிப் போகும்?” என்பது முதற் கேள்வி. மற்றது, “பின்னுக்குப் போவது எப்படி?” கைப்பிடியின் இருபுறமும் ஒவ்வொரு நெம்புகோல் இருந்தது. வலப்பக்கத்தை அழுத்தினால் முன்னே செல்லும். இடப்பக்கத்தை அழுத்தினால் பின்னே செல்லும். அவளது இடக்கைப் பெருவிரலுக்கு அதனை அழுத்தும் வலு இல்லை. முன்னே மட்டும் போகத் தெரிந்த ஊர்தியில் அவளை ஏற்றிவிட இருந்தேன்! நான்காண்டுகளாக அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவன் நான். எனக்கு இது தோன்றவேயில்லை.

ஊர்தி தேடும் அன்பர்களுக்குப் பயன்படும் என்பதனால் கேட்டும் பட்டும் அறிந்த சிலவற்றைச் சொல்கிறேன். இவ்வூர்தி எல்லோருக்கும் ஆகாது. தானே ஏறி இறங்கவும், சாயாமல் நிமிர்ந்திருக்கவும், கைப்பிடியை ஆளவும் இயன்றவருக்கே ஏற்றது. முச்சில்லு சமநிலத்துக்கு நன்று. சரிவில் வளைந்து திரும்பும்போது பக்கவாட்டிற் கவிழப் பார்க்கும். நாற்சில்லு ஊன்றி நிற்கும், ஆனால் திரும்புதற்கு அகன்ற இடம் கேட்கும். மேட்டில் ஏறுவதும் இறங்குவதும் நேராக இருக்க வேண்டும்; சாய்வுக்குக் குறுக்கே ஓட்டலாகாது. நெம்புகோலை விட்டவுடன் தடை தானே விழுந்து ஊர்தி நின்றுவிடும். ஆனால் கையால் தள்ளுவதற்காக அத்தடையை நீக்கும் பிடியொன்று பின்புறத்தில் உண்டு. சரிவில் நிற்கையில் சிறுவர் எவரேனும் அதை விளையாட்டாக இழுத்துவிட்டால் ஊர்தி தன்பாட்டில் உருளும். கடைக்காரர்கள் இதனைக் கடைசியாகத்தான் சொல்கிறார்கள். ஒருமுறை மின்னேற்றினால் இத்தனை மைல் ஓடுமென்று தாளில் அச்சிட்டிருப்பது சமநிலத்துக் கணக்கு. எங்கள் திகன மேடுகளில் அதிற் பெரும்பகுதி கரைந்துவிடும்.

வாங்குமுன் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றாள் மனைவி. வேறோரிடத்தில் பழைய நாற்சில்லு ஊர்தியொன்றை இரண்டு நாள் வாடகைக்குப் பெற்றோம். முன்னும் பின்னும் செல்ல வலக்கை ஒன்றே போதுமானவாறு அமைந்தது அது. நூறு கிலோவுக்கு மேற்பட்ட நிறை. சிறிய லொறியில் ஏற்றுவதற்கு நீண்ட பலகைகள் நான்கைச் சாய்வாக வைத்து, என் மகனும் மருமகனும் வியர்த்துக் கொட்டினார்கள். “அந்தச் சின்னதை எடுத்திருக்கலாமே அம்மா” என்றான் மகன். அவள் விடை கூறவில்லை.

கூடாரத்தைக் கரையிலிருந்து சற்று மேலே, இறுகிய புற்றரையில் அடித்தோம். அங்கே நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். மாலையில் ஊர்தியை மின்னேற்றுவதற்காக நண்பரின் வீட்டு விறாந்தைக்கு அனுப்பிவிட்டேன். வீடு நூறு யார் தொலைவில். இரவு ஒரு மணிக்கு அவள் எழுந்து வெளியே செல்ல வேண்டியிருந்தது. ஊர்தி அருகில் இல்லை. இருளில், பனி நனைத்த புல்லில், மகனும் நானும் இருபுறமும் தாங்கிச் சென்றோம். நீண்ட மின்கம்பியொன்றைக் கொண்டுபோயிருந்தால் ஊர்தி கூடார வாயிலிலேயே நின்றிருக்கும். மேலே ஒரு றப்பர் விரிப்பைப் போட்டிருந்தால் பனியும் அதன் மின்பொறியை அணுகியிராது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. விடிந்தபின், “இனிமேல் அது என் பக்கத்திலேயே நிற்கட்டும்” என்றாள்.

காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். புற்றரை முடியும்வரை அவளே ஓட்டினாள். நாங்கள் பின்னே நடந்தோம். அவளுக்குப் பின்னால் நான் வெறுங்கையோடு நடப்பது அதுவே முதன்முறை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. புல் முடிந்து நீர் வற்றிய சேற்றுநிலம் தொடங்கியது. மேலே வெடித்துக் காய்ந்த ஓடு, கீழே களி. முன்சில்லு இரண்டும் அதிற் புதைந்தன. “போதும், இங்கிருந்தே பார்க்கலாமே” என்றேன். அவள் திரும்பியும் பாராமல், “லொறியிலே பலகை இருக்கிறதல்லவா?” என்றாள்.

பலகைகள் வந்தன. இரண்டை வைத்து அவள் செல்ல, பின்னிரண்டையும் எடுத்து முன்னே வைத்து, மீண்டும் அவ்வாறே, முப்பது யார் தூரம் நகர்ந்தோம். போதும் என்று இரண்டாம் முறையும் சொன்னேன். “இன்னும் இரண்டு பலகை” என்றாள். அவ்விரண்டு பலகையின் முடிவில் நிறுத்தினாள். சேறு பூசிய சுவரொன்றின் அடிப்பகுதியும் சில படிகளும் தெரிந்தன. எனக்கு அவை கற்கள். அவளோ வலக்கையை நீட்டி, வீதி எவ்வழியே சென்றது, தகப்பனாரின் கடை எத்திசையில் இருந்தது, பள்ளிக்கூடம் விட்டு வரும் வழி எது என்று மகனுக்குக் காட்டினாள். அரைமணி நேரம் அங்கே நின்றோம். எப்போது புறப்படுவது என்பதை அவளே முடிவு செய்தாள்.

இனிச் சட்டத்தைச் சிறிது பார்ப்போம். வலது குறைந்தோரின் உரிமைகளைக் காக்கும் சட்டம் இலங்கையில் 1996இல் வந்தது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் தடையின்றிச் செல்வதற்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. அவ்விதிகள் ஏட்டளவில் நின்றுவிடாதபடி உயர் நீதிமன்றம் வரை சென்று 2011இல் கட்டளை பெற்றவர் கலாநிதி அஜித் பெரேரா. 1992இல் ஓடும் காரின் மீது மரம் வீழ்ந்ததனால் நடக்கும் ஆற்றலை இழந்தவர் அவர். சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே வழக்காடினார். 2020இல் காலமானார். அவருக்கு இந்நாடு கடன்பட்டிருக்கிறது. இவை யாவும் நன்றே. ஆனால் கட்டட வாயிலில் சாய்தளம் அமைத்தவர்கள், அவ்வாயில் வரை வருகிறவர் எவ்வழியே வருவார் என்று எண்ணினார்களா? பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயர்வதே ஏற்ற சரிவென்பது உலகெங்கும் கொள்ளப்படும் அளவு. எங்கள் ஒழுங்கையின் சரிவு அதனினும் இருமடங்கு இருக்கும். அதன் முடிவில் வடிகாலை மூடிய கொங்கிறீற்றுப் பலகை உடைந்து கிடக்கிறது. திகனவில் புனர்வாழ்வு மருத்துவமனை ஒன்று உண்டு. முதுகெலும்பு அடிபட்டவரும் கால் இழந்தவரும் பயிற்சி பெறும் இடம். பயிற்சி பெற்று வெளியேறுகிறவரை முதலில் எதிர்கொள்வது இத்தகைய வீதிகளேயன்றோ? நீர்த்தேக்கத்தைப் பார்க்கவும் மலையைப் பார்க்கவும் சுற்றுலாப் பயணிகளுக்கு இடம் அமைக்கிறவர்கள், படிகளைக் கட்டுகிறார்கள். படிகளின் அருகே ஒரு சாய்வழி அமைத்தால் காட்சி குறைந்துவிடுமா? நடக்கவியலாதவருக்கு மருந்தகமும் அலுவலகமுமே தேவை, ஆற்றங்கரையும் விடியலும் தேவையில்லை என்று எண்ணுகிறோம் போலும். வீட்டிலுள்ள நாமே அப்படித்தான் எண்ணுகிறோம். அரசினரை மட்டும் குறைகூறி என்ன பயன்?

பிள்ளைகள் இன்னும் சிறிய ஊர்தியின் பக்கமே நிற்கிறார்கள். விலை குறைவு, ஏற்றுவது எளிது, வீட்டு வாயிலுக்குள் நுழையும் என்பன அவர்கள் நியாயங்கள். நியாயம் இல்லையென்று சொல்லேன். பெரியதன் விலை ஓர் ஆசிரியனுக்குப் பல மாதச் சம்பளம். மனைவி நாற்சில்லு ஊர்தியே வேண்டும் என்றாள்; வலக்கையால் மட்டும் ஓட்டத்தக்கது, சில்லுகள் பெரியவை, அடித்தட்டு உயர்ந்தது. காரணம் கேட்டதற்கு, அடுத்த வறட்சியில் படிகள் வரை போக வேண்டும் என்றாள். முற்பணம் கட்டியாயிற்று.

எங்கள் படலை அதற்கு ஒன்பது அங்குலம் போதாது. செவ்வாய்க்கிழமை மேசன் வந்து தூணை அளந்தார். அளவு நாடாவின் மறுமுனையை அவள் வலக்கையாற் பிடித்துக்கொண்டு, ஒன்பது வேண்டாம், பன்னிரண்டாகவே இடித்துவிடுங்கள் என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.