விளக்குக்கு எண்ணெய் யார் தருவது?

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடம் திருமுக்கூடல். அங்கே பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. சுமார் 1068-ஆம் ஆண்டு. கோயிலைச் சேர்ந்த 15 படுக்கை ஆதுலசாலைக்கு வயலைக்காவூர் வரியிலிருந்து செலவு. வைத்தியர், மூலிகை கொண்டு வருபவர், நோயாளியைக் கவனிக்கும் பெண்கள் எல்லோருக்கும் நெல் எவ்வளவு, காசு எவ்வளவு, ராத்திரி விளக்குக்கு எண்ணெய் எவ்வளவு என்று கணக்கு!

இன்னிக்கு நம்ம கிராமத்துச் சின்னச் சங்கங்களைப் பாருங்க. மனசு இருக்கு, உழைப்பு இருக்கு. நிதி தருகிறவர்களோ கட்டடம் கேட்டால் தருகிறார்கள். கணக்கு எழுதுபவருக்குச் சம்பளம் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். விளக்கு வேணும், எண்ணெய் வேணாமா?

குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் காட்டும் கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013-ஆம் வருஷக் கம்பெனிச் சட்டம். அதைக் கம்பெனியிடமிருந்து வாங்கிச் செலவழிக்கும் சங்கம் 2021 ஏப்ரல் முதல் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவும் தணிக்கையும் இல்லாத சங்கம் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

சுவர் இருந்தால்தானே சித்திரம்? நண்பர்களே, எஸ்டிமேட் போடவும் கம்ப்யூட்டரில் கணக்கு ஏற்றவும் நமக்குத் தெரியும். லீவில் ஆளுக்கொரு சங்கத்துக்கு அதைச் செய்து கொடுப்போம். சங்கங்களும் வரவு செலவை ஊர் பார்க்கிற சுவரில் ஒட்டட்டும். கணக்குத் தெரிந்தால்தான் கை நீளும்!