பங்கில் வராத சொத்து

வாப்பா மவுத்தாகி நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த கையோடு வீட்டையும் தோப்பையும் அளக்கத் தொடங்கிவிடுகின்றோம். ஆண் மக்களுக்கு எவ்வளவு, பெண் மக்களுக்கு எவ்வளவு என்று ஆலிமை அழைத்துப் பராயிள் கணக்குக் கேட்கின்றோம். அது கடமை, குறை கூறுவார் யார்? ஆனால் அந்தக் கணக்கில் ஒருபோதும் ஏறாத சொத்து ஒன்று உண்டு. அதனைப் பற்றியே இங்குச் சற்றுக் கடுமையாகப் பேச விரும்புகின்றோம்.

பங்கு கணக்கிட நாம் அழைக்கப்பட்டிருந்த ஒரு வீட்டில், பரணைக் காலி செய்தபோது பழந்துணியில் சுற்றிய கட்டு ஒன்று கீழே வந்தது. பேரர் ஒருவர் அதனைக் கண்ணில் ஒற்றி முத்தமிட்டு, “பழைய குர்ஆன் ஏடுகள், ஹஜ்ரத்! பள்ளிவாசல் கிணற்றில் இட்டுவிடலாம்” என்றார். வாங்கிப் பிரித்தோம். குர்ஆன் அன்று. எழுத்து அரபு, மொழி தமிழ்!

அவருடைய பாட்டியார் கைப்பட எழுதி வைத்த குறிப்புகள் அவை. எந்தப் பிள்ளை எந்தப் பிறையில் பிறந்தது, எது பால்குடி மறக்குமுன் இறந்தது, கொழும்புக்குக் கப்பலேறிய கணவர் எப்போது திரும்பினார் என்பனவெல்லாம் அதில் இருந்தன. ஓரிடத்தில், பக்கத்து வீட்டு விதவையின் காப்பு ஒரு சோடி தம்மிடம் அமானிதமாக இருப்பதாகவும், அவர் மகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அதன் கீழே அதே கையெழுத்தில், “கொடுத்தாயிற்று, அல்ஹம்துலில்லாஹ்” என்றிருந்தது.

அன்று அந்தக் கூடத்தில் நடந்துகொண்டிருந்த பேச்சு என்ன தெரியுமா? உடன்பிறந்த சகோதரியின் பங்கைக் குறைக்க வழியுண்டா என்பதே! குறிப்பைப் படித்துக் காட்டியபின் அப்பேச்சு தொடரவில்லை.

அந்தப் பேரர் பட்டதாரி. மூன்று மொழி அறிந்தவர். ஆயினும் தம் பாட்டியாரின் தமிழை அவரால் படிக்க இயலவில்லை. மரியாதையோடு கிணற்றில் இட மட்டுமே தெரிந்திருந்தது.

அரபுத் தமிழ் ஏதோ பொழுதுபோக்காகப் பிறந்ததன்று. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளிகளும் குறிகளும் சேர்த்து நம் முன்னோர் அமைத்துக்கொண்ட எழுத்து அது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் கடிதமும் கணக்கும் மார்க்க நூலும் அதிலே எழுதப்பட்டன. இமாமுல் அரூஸ் செய்யிது முஹம்மது ஆலிம் அவர்கள் (1816-1898) ‘மகானி’, ‘பத்ஹுத் தய்யான்’ முதலிய நூல்களை அவ்வெழுத்திலேயே தந்தார்கள். குர்ஆன் ஓத மட்டும் எழுத்தறிந்திருந்த தாய்மார்கள் அதன் வழியே மார்க்கம் கற்றார்கள், பிள்ளைகளுக்கும் கற்பித்தார்கள்.

“தேவையானவை தமிழெழுத்தில் அச்சாகிவிட்டன, பழையவற்றில் ஆதாரமற்ற கதைகளும் உள்ளன” என்பார் உளர். அச்சு நூல் கடையில் கிடைக்கும். பாட்டியாரின் கைக்குறிப்பு எந்தக் கடையில் கிடைக்கும்? ஆதாரமற்றதைப் பிரித்தறியவும் முதலில் படிக்கத் தெரிய வேண்டாமா?

மக்தபில் அலிஃப், பே சொல்லிக் கொடுத்த நாமும் இதில் குற்றவாளிகளே. அவ்வெழுத்துகளால் குர்ஆன் ஓதக் கற்பித்தோம். இன்னும் சில புள்ளிகளைச் சேர்த்தால் உன் வீட்டுத் தமிழையும் படிக்கலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லாது விட்டோம்.

யஃகூப் நபி (அலை) அவர்கள் மரணத் தறுவாயில் மக்களை அழைத்துக் கேட்டது நிலத்தைப் பற்றியன்று. தமக்குப் பின் யாரை வணங்குவீர்கள் என்பதையே கேட்டதாகக் குர்ஆன் கூறுகின்றது. மனிதன் இறந்தபின்னும் அறுபடாத மூன்றாகப் பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்தவை நிலையான தருமமும், பயன்தரும் கல்வியும், தனக்காகத் துஆச் செய்யும் நல்ல பிள்ளையுமாகும். பெயரும் தெரியாத, வாழ்ந்த வகையும் அறியாத பாட்டியாருக்காக எந்தப் பிள்ளை கையேந்தி உருகும்?

ஆகவே வாசக நேயர்களே! பரணில் உள்ள கட்டைக் கிணற்றுக்கு அனுப்புமுன் எழுத்தறிந்த முதியவர் ஒருவரிடம் காட்டுங்கள். அவர் படிக்கப் படிக்கத் தமிழெழுத்தில் பெயர்த்தெழுதுங்கள். வாரத்தில் ஓரிரவு மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே மக்களை அமர்த்தி வாசித்துக் காட்டுங்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளையேனும் அவ்வெழுத்தைக் கற்கட்டும்.

மனை விற்றால் மறு மனை வாங்கலாம். கிணற்றில் இட்ட ஏட்டை எவர் எடுத்துத் தருவார்? முன்னோரின் அமானிதத்தைப் பேணும் மக்களாக நம்மை வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.