மலாக்கா சொல்லும் வணிகப் பாடம்



2022 ஏப்ரல் 28-ஆம் நாள் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. மே 23-ஆம் நாள் தடை நீங்கியது. ஒரு மாதம்கூட இல்லை. பழைய விலைக்கு வாங்கிய சரக்கை வெளியே எடுப்பதா, உள்ளே வைப்பதா என்ற கேள்வி அப்போது நம் கடைவீதிகளிலும் எழுந்தது. அதற்கான பதில், அந்த எண்ணெய் வரும் கடல் வழியிலேயே இருக்கிறது.

சுமத்ராவுக்கும் மலாய் தீபகற்பத்துக்கும் நடுவே சுமார் 800 கிலோமீட்டர் நீண்டு கிடப்பது மலாக்கா நீரிணை. சிங்கப்பூர் அருகே ஓரிடத்தில் கப்பல் செல்லும் வழியின் அகலம் 3 கிலோமீட்டருக்கும் குறைவு. பாமாயில் ஏற்றும் டுமாய், பெலாவான், கிள்ளான் துறைமுகங்கள் இதன் கரையில்தான் உள்ளன.

15-ஆம் நூற்றாண்டில் மலாக்கா நகரம் இவ்வழியின் பெரும் சந்தை. ஒரு பருவக்காற்று இந்தியத் துணியைக் கொண்டுவரும். மறு காற்று சீனப் பட்டைக் கொண்டுவரும். கிராம்பும் ஜாதிக்காயும் கிழக்குத் தீவுகளிலிருந்து வரும். காற்று திரும்பும்வரை வணிகர் தங்க வேண்டும். அவர்களுக்குக் கிட்டங்கி வசதி இருந்தது. அந்தந்த நாட்டு வணிகரின் காரியங்களைக் கவனிக்க, ஷாபந்தர் என்ற அதிகாரிகள் நால்வர் இருந்தனர். குஜராத்தியரும் நம் சோழமண்டலக் கரை வணிகரும் அங்கே செல்வாக்கோடு வாழ்ந்தனர்.

1511-இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தனர். வழி குறுகியது, கப்பல்கள் வேறெங்கே போகும் என்று எண்ணினர். போகிற கப்பலை மடக்கித் தம் துறைக்கு வரச் செய்து சுங்கம் கேட்டனர். வணிகர் சண்டைக்குப் போகவில்லை. பலர் அச்சே துறைமுகத்துக்கும் ஜோகூருக்கும் மாறிப் போனார்கள். 1641-இல் டச்சுக்காரர் கைக்கு மாறியபின்னும் பழைய சிறப்பு திரும்பவில்லை. 1819-இல் ஆங்கிலேயர் அதே வழியின் கோடியில் சிங்கப்பூரைச் சுங்கமில்லாத் துறைமுகமாகத் திறந்தனர். சில ஆண்டுகளிலேயே வியாபாரம் அங்கே குவிந்தது.

மலாக்காவின் இடம் மாறவில்லை, நடத்தைதான் மாறியது. மூலைக்கடை நல்ல இடம்தான். ஆனால் இடம் வாடிக்கையாளரை ஒருமுறை அழைத்துவரும். மறுமுறை அழைத்துவருவது நியாயம். இன்று பெரிய அங்காடியும் கைப்பேசி வியாபாரமும் நம் வாடிக்கையாளருக்கு அச்சேயும் ஜோகூருமாக எதிரே நிற்கின்றன.

புதுக் கொள்முதலுக்கு முதல் வேண்டாமா என்று கேட்பது நியாயமே. விலை ஏறினால் ஏற்றித்தான் விற்க வேண்டும். ஆனால் இருக்கும் சரக்கை இல்லை என்று சொல்ல வேண்டாம். தட்டுப்பாட்டு நாளில் அரை லிட்டராவது அளந்து கொடுத்த கடையை எந்தக் குடும்பமும் மறக்காது.