மாத்தளைப் புதைகுழிக்கு இனம் இல்லை

மாத்தளை பொது வைத்தியசாலை வளாகத்தில் 2012 நவம்பரில் கட்டட வேலைக்காக நிலத்தைத் தோண்டியவர்கள் மனித எலும்புகளைக் கண்டார்கள். அகழ்வு முடிந்தபோது 150க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் வெளிவந்திருந்தன. அவர்களுள் எவருக்கும் இன்னும் பெயர் கிடைக்கவில்லை.

செம்மணியில் நம்மவரின் எலும்புகள் கிடக்கையில், சிங்கள இளைஞர்களுடையவை என்று நம்பப்படும் எலும்புகளைப் பற்றித் தமிழில் எழுதுவானேன் என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். இரண்டு குழிகளையும் மூடிவைத்திருப்பது ஒரே கை என்பதால்தான் எழுதுகிறேன்.

1989ஆம் ஆண்டில் நான் கலைப்பீட மாணவன். பல்கலைக்கழகங்கள் மூடிக்கிடந்தன. ஜே.வி.பி.யின் இரண்டாவது கிளர்ச்சியை அடக்குகிறோம் என்ற பெயரில் அரச படைகளும் பெயரற்ற கொலைக் குழுக்களும் ஊர்களைச் சூறையாடிய காலம் அது. ஜே.வி.பி.யும் தன்னை எதிர்த்தவர்களைக் கொன்றது. அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. ஆனால் சட்டத்தின் பெயரால் துப்பாக்கி ஏந்துகிற அரசு சட்டத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 1994இல் நியமிக்கப்பட்ட மூன்று வலய ஆணைக்குழுக்கள் 16,000க்கும் மேற்பட்டோர் காணாமற்போனதை உறுதிப்படுத்தின. மாத்தளை அடங்கிய மத்திய மாகாணத்துக்கும் அவற்றுள் ஒன்று பொறுப்பாக இருந்தது.

புதைகுழி விடயத்துக்கு வருவோம். தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ, அந்த உடல்கள் 1986க்கும் 1990க்கும் இடையில் புதைக்கப்பட்டவை என்று நீதிமன்றத்துக்கு அறிக்கையளித்தார். 2013இல் நீதவான் அவ்விடத்தைக் குற்றம் நடந்த இடமாக அறிவித்தார். பின்னர் மாதிரிகள் அமெரிக்காவின் பீட்டா அனலிடிக் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன. எலும்புகள் 1950க்கு முற்பட்டவை என்று முடிவு வந்தது.

இந்த இரண்டு முடிவுகளும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்தில் கதிரியக்கக் கரிமம் பெருகியது. அதற்குப் பின் பிறந்து வளர்ந்தவர்களின் உடலில் அந்தத் தடயம் இருந்தே தீரும். ஆகவே 1989இல் இறந்த இருபது வயது இளைஞனையும் 1940களில் இறந்தவரையும் பிரித்தறிவது அறிவியலுக்கு இயலாத காரியமன்று. எந்த எலும்புகளை யார் தேர்ந்தெடுத்தார், யார் பொதிசெய்தார், யார் கையொப்பமிட்டார் என்பதே கேள்வி. இவற்றுக்கு விடை சொல்லாமல் ஆய்வக முடிவை மட்டும் நீட்டினால் அதை நம்புமாறு மக்களைக் கேட்க எவருக்கும் உரிமையில்லை.

நம்ப மறுப்பதற்குக் காரணமும் உண்டு. 1989இல் மாத்தளை மாவட்டத்தின் இராணுவ இணைப்பதிகாரியாக இருந்தவர் கோட்டாபய ராஜபக்ச. புதைகுழி திறந்தபோது அவரே பாதுகாப்புச் செயலாளர். அதை விசாரிக்க 2013இல் ஆணைக்குழு அமைத்த ஜனாதிபதி அவருடைய அண்ணன். கோட்டாபய குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்ல நான் நீதிமன்றம் அல்லேன். ஆனால் விசாரிக்கப்பட வேண்டிய காலத்தில் அந்த மாவட்டத்தில் அதிகாரம் செலுத்தியவரின் குடும்பமே விசாரணையையும் ஆளுவது நீதியாகுமா?

இதில் ஒரு கொடிய முரண் வேறு இருக்கிறது. 1990 செப்டம்பரில் காணாமற்போனோரின் விவரங்களுடன் ஜெனீவாவுக்குப் புறப்பட்ட ஓர் எதிர்க்கட்சி உறுப்பினரைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் பொலிஸார் மறித்தனர். அவரிடமிருந்த ஆவணங்களையும் புகைப்படங்களையும் பறித்தனர். அந்த உறுப்பினர் மகிந்த ராஜபக்ச. எதிர்க்கட்சியில் இருக்கும்போது தாய்மாரின் கண்ணீரைச் சுமப்பதும், ஆட்சிக்கு வந்தபின் கோப்புகளைச் சுமக்க மறுப்பதும் இந்நாட்டு அரசியலின் வழக்கம்.

அந்நியன் ஆண்ட காலம் இதைவிட மேலாக இருந்ததோ என்றுகூடக் கேட்கத் தோன்றுகிறது. 1848 மாத்தளைக் கிளர்ச்சியை ஆளுநர் டொரிங்டன் இராணுவச் சட்டத்தால் நசுக்கினார். புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். காவியுடையோடு ஒரு பிக்குவையும் சுட்டார்கள். அதற்காக லண்டன் நாடாளுமன்றம் விசாரணைக் குழு அமைத்தது. 1850இல் டொரிங்டன் பதவியிழந்தார். முழுநீதி அன்று அது. ஆயினும் ஆளுநர் ஒருவர் பதில் சொல்ல நேர்ந்தது. அதே மாத்தளையில், சுதந்திர நாட்டில், பதில் சொன்னவர் எவருமில்லை.

மரண விசாரணையின்றி உடலைப் புதைக்கவோ எரிக்கவோ அதிகாரமளித்த அவசரகால விதி 15ஏ, 1983 ஜூனில் வந்தது. அப்போது இலக்கு வடக்கின் தமிழ் இளைஞர்கள். சில ஆண்டுகளில் அதே வகை அதிகாரம் தெற்கின் சிங்கள இளைஞர்கள்மேல் பாய்ந்தது. நம்மீது ஏவிய நாயை அவர்கள் அன்று கட்டிவைக்கச் சொல்லவில்லை. அது அவர்களின் வீட்டு வாசலுக்கும் வந்தது. நாமும் அதே பிழையைச் செய்யலாகாது.

2018இல் மன்னார் சதொச வளாகத்தில் 300க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் வெளிவந்தன. அதே ஆய்வகம் 2019இல் அவற்றை 15, 16, 17ஆம் நூற்றாண்டுகளுக்கு உரியவை என்றது. 2025இல் செம்மணியில் குழந்தைகள் உட்பட 200க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் தோண்டியெடுக்கப்பட்டன. மாத்தளையில் பழகிய மறதியே செம்மணிக்கும் காத்திருக்கிறது.

2024 செப்டம்பரில் ஜே.வி.பி.யின் தலைவரே ஜனாதிபதியானார். மாத்தளையில் கிடப்பவர்கள் தம் தோழர்கள் என்று சொல்லிவந்த கட்சி அது. தன் தோழர்களின் எலும்புகளுக்கே பெயர் தேட முடியாத அரசு, செம்மணித் தாய்க்கு என்ன தரும்?

கேட்பவை எளியவை. 2013 ஆணைக்குழுவின் அறிக்கையை மக்கள்முன் வையுங்கள். மாதிரிகள் கைமாறிய பதிவுகளை வெளியிட்டு, குடும்பங்களின் பிரதிநிதிகள் முன்னிலையில் மறுபரிசோதனை செய்யுங்கள். உறவினர்களின் மரபணு மாதிரிகளைச் சேகரியுங்கள். தாய்மார் ஒவ்வொருவராய் மறைந்துகொண்டிருக்கிறார்கள். அரசுக்காக வாதாடும் சட்டமா அதிபரிடமே அரசுக்கெதிரான வழக்கையும் ஒப்படைக்காமல் சுயாதீன வழக்குத்தொடுநரை நியமியுங்கள்.

இவற்றை மாத்தளைக்காகக் கேட்கும் தமிழன் தன் இனத்துக்குத் துரோகம் செய்யவில்லை. செம்மணிக்காகக் கேட்கும் சிங்களவனும் அப்படியே. இருவரும் தனித்தனியே கேட்கும்வரை கொழும்புக்குக் கவலையில்லை.